எறும்பு வரிசை சொன்ன கூலி

இலுப்பைத் தோப்பில் ஐந்து பிராணிகள் வேலை பார்த்தன. தோப்புக்குச் சொந்தக்காரன் தேனப்பன் என்ற கரடி.

இலுப்பைப் பூவைப் பார்த்திராதவர்களுக்கு ஒரு வார்த்தை. அது மாலை கட்டுகிற பூ அல்ல. தடித்துச் சதைப்பற்றோடு, சின்ன உருண்டையாக இருக்கும். தின்றால் இனிக்கும். பழையதாகிப் புளித்ததைத் தின்றால் தலை சுற்றும். விடியற்காலையில் பொத்துப் பொத்தென்று உதிரும். வெயில் ஏறுவதற்குள் பொறுக்கிப் பாறையில் காயவைத்துவிட்டால் மழைக்காலம் முழுவதும் கெடாது.

தேனப்பனுக்கு அந்தப் பூ என்றால் உயிர். ஆனால் அவனே பொறுக்கப் போனால் ஒன்றும் மிஞ்சாது. பத்துப் பூ எடுத்தால் பத்தையும் தின்றுவிட்டு, எடுக்காத பதினோராவதையும் தின்பான். அதனால்தான் ஆள் வைத்தான்.

கூலி தேனடை. ஏழு நாளுக்கு ஒருமுறை தேனப்பன் தேனடைத் துண்டுகளைத் தேக்கிலையில் பொட்டலமாகக் கட்டி, பெரிய மரத்தடிப் பாறையில் வரிசையாக வைப்பான். ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிடுவான். குனிந்து, காதருகே வாயை வைத்து, வெதுவெதுப்பான மூச்சோடு சொல்வான்:

"உனக்கு மட்டும் ஒரு துண்டு கூட வைத்திருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே! பொட்டலத்தை வளைக்குள் போய்த்தான் பிரிக்க வேண்டும். நாலு பேர் கண் பட்டால் தேன் புளித்துப் போகும்!"

நன்றாக மூடி வைத்த தேன் ஆண்டுக்கணக்கில் கெடாது. இது தேனப்பனுக்குத் தெரியும். ஆனால் கண் படும் என்று சொல்லிவிட்டால் யார் மறுத்துப் பேசுவார்கள்? பிராணிகள் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஆளுக்கொரு திசையில் ஓடின. ஒவ்வொன்றும் தனக்குத்தான் அதிகம் என்று நம்பியது. மற்றவர்கள் மனம் நோகுமே என்று வாயை மூடிக்கொண்டது. இப்படி நல்ல மனத்தாலேயே ஏமாந்தவர்கள் அந்தத் தோப்பில் மட்டும்தான் இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை.

அந்த ஐவரில் சிலும்பி என்ற பெண் முள்ளம்பன்றியும் ஊசிக்காடன் என்ற ஆண் முள்ளம்பன்றியும் ஒரே வேலை செய்தார்கள். பூக்களின் மேல் உருளுவது, முள்ளில் குத்திக்கொண்ட பூக்களோடு பாறைக்கு நடப்பது, அங்கே உடம்பை உதறுவது, திரும்பி வருவது. சேர்ந்தே உருளுவார்கள், சேர்ந்தே நடப்பார்கள், வழியெல்லாம் பேசுவார்கள். அவன் ஒரு நடை கூடப் போனதில்லை, இவள் ஒரு நடை குறையப் போனதில்லை.

முள்ளம்பன்றி பகலில் உறங்கும் பிராணி ஆயிற்றே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் பிறரிடம் வேலைக்குப் போகிறவர்கள் தங்களுக்குத் தோன்றிய நேரத்தில் உறங்க முடியாது.

சிலும்பிக்கு இரண்டு குட்டிகள். மழை பிடித்துவிட்டால் அவள் வளை வாசல் சேறாகிவிடும். வெளியே போக முடியாது. உள்ளே சேர்த்து வைத்ததுதான் சாப்பாடு. போன மழையில் தேன் பாதியிலேயே தீர்ந்துபோனது. மூத்த குட்டி மெலிந்து, முள் உதிர்ந்து, பிழைத்ததே பெரிது. இந்த ஆண்டும் பூக்காலம் முடிய இருபது நாள்தான் இருந்தது. வளையில் ஒரு துண்டு தேனடைகூடச் சேரவில்லை.

"முதலாளி ஒரு துண்டு கூடக் கொடுத்தும் போதவில்லையே! எனக்குத்தான் சிக்கனம் தெரியவில்லை போலிருக்கிறது" என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள்.

ஒருநாள் ஊசிக்காடன் வேலைக்கு வரவில்லை. காலில் முள் குத்திவிட்டதாம்! முள்ளம்பன்றிக்கே முள்ளா என்று தோப்பே சிரித்தது. சிலும்பியும் சிரித்தாள். சிரித்துவிட்டு, வேலை முடிந்ததும் குப்பைமேனி இலையைக் கசக்கி எடுத்துக்கொண்டு அவன் வளைக்குப் போனாள்.

வாசலில் ஓர் எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது. வரிசை என்பது குறைத்துச் சொல்வது. ஆலம் விழுது தரையில் கிடப்பதுபோல் இருந்தது.

சிலும்பி நின்றுவிட்டாள். அவள் வளைக்கும் எறும்புகள் வரும். தேன் இருக்கும் இடத்தைத் தேடி எறும்பு வராமல் இருக்குமா? ஆனால் அவள் வீட்டு வரிசை நூல்போல் இருக்கும். அதுவும் நடுநடுவே அறுந்த நூல்.

"எறும்பம்மா! இவ்வளவு பேர் எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டாள்.

ஓர் எறும்பு நின்று, மீசையைத் தடவிக்கொண்டது.

"தேனுக்குத்தான்! இந்த வீடு என்றால் எங்கள் ஆட்களுக்குக் குஷி! சிலும்பி என்று ஒருத்தி இருக்கிறாளே, அவள் வீட்டு முறை வந்தால்தான் எங்களுக்குள் அடிதடி. யாரும் போகமாட்டேன் என்கிறார்கள்!"

"நான்தான் சிலும்பி."

"ஐயையோ!" என்றது எறும்பு. "நான் ஒன்றும் சொல்லவில்லை, அம்மா! நாங்கள் வாசனை பிடித்துப் போகிறவர்கள். ஊர்வம்பு பேசுகிற வழக்கமே எங்களுக்குக் கிடையாது!" சொல்லிவிட்டு வரிசைக்குள் புகுந்து மறைந்தது.

சிலும்பி உள்ளே போனாள். ஊசிக்காடன் காலை நீட்டிப் படுத்திருந்தான். அவள் முள்ளைப் பிடுங்கினாள், இலையை வைத்துக் கட்டினாள். பிறகு நேராகக் கேட்டாள்:

"தம்பி, உனக்குக் கூலி எத்தனை துண்டு?"

ஊசிக்காடன் துள்ளி எழுந்தான். "அக்கா! இதையெல்லாம் கேட்கலாமா? முதலாளி என்ன சொல்லியிருக்கிறார்? கண் பட்டுவிடும்!"

"சரி, உன்னுடையதைச் சொல்லாதே. என்னுடையதை நான் சொல்கிறேன். எனக்கு ஒன்று."

"ஒன்றா!"

"ஒன்றேதான். அதிலும் ஒரு துண்டு கூட வைத்துக் கொடுப்பதாக முதலாளி ஒவ்வொரு முறையும் காதில் சொல்கிறார்."

ஊசிக்காடன் வாயைத் திறந்தான், மூடினான். மறுபடியும் திறந்தான். "என் காதிலும் அதையேதான் சொல்கிறார், அக்கா" என்றான். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு மூன்று" என்றான்.

வெளியே எறும்புகள் போய்க்கொண்டே இருந்தன.

"என்மேல் கோபமா, அக்கா?"

"உன்மேல் எதற்கு? நீயா பொட்டலம் கட்டினாய்?" என்றாள் சிலும்பி. "அடுத்த கூலி நாளில் பொட்டலத்தைத் தோப்பிலேயே பிரிக்கப் போகிறேன்."

"வேலை போய்விடும்! குட்டிகளை நினைத்துப் பார்!"

"அவர்களை நினைத்துத்தான் சொல்கிறேன். இப்படியே இருந்தால் வேலை இருக்கும், இந்த மழையில் குட்டிகள் இருக்கமாட்டார்கள். பயப்படாதே, உன் பெயரை எடுக்கமாட்டேன். என் பொட்டலத்தை மட்டும்தான் பிரிப்பேன்."

ஊசிக்காடன் காலில் கட்டிய இலையையே தடவிக்கொண்டிருந்தான். அவன் கெட்டவன் இல்லை. ஆனால் மூன்று துண்டு வாங்குகிறவனுக்கு யோசிக்கக் கொஞ்சம் அதிக நேரம் தேவைப்படும்.

கூலி நாள் வந்தது. தேனப்பன் வழக்கம்போல் ஐந்து காதுகளிலும் ஊதினான். சம்பை என்ற முதிய பெண் முயல், கொக்கரி என்ற காட்டுக்கோழி, நெடுவாலன் என்ற ஆண் கீரி, ஊசிக்காடன், சிலும்பி என்று ஆளுக்கொரு பொட்டலம் வாங்கியாயிற்று. எல்லாரும் ஓடத் தயாரானபோது சிலும்பி பாறைமேல் உட்கார்ந்தாள். பொட்டலத்தின் நாரைப் பல்லால் கடித்தாள். இலையை விரித்தாள்.

"ஐயோ! மூடு! மூடு!" என்று கத்தினான் தேனப்பன். "கண் பட்டுவிடும்!"

"படட்டும், முதலாளி! எல்லார் கண்ணும் நன்றாகப் படட்டும்! பாருங்கள், எல்லாரும் பாருங்கள்! ஏழு நாள் உருண்டதற்கு என் கூலி ஒரு துண்டு!"

ஓடத் தயாரானவர்கள் நின்றார்கள். பொட்டலங்களைக் காலடியில் வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

"எல்லாருக்கும் ஒரே அளவுதான் கொடுக்கிறேன்!" என்றான் தேனப்பன். "இவள் வழியில் தின்றிருப்பாள்!"

"வழியா? நான் இன்னும் கிளம்பவே இல்லையே, முதலாளி!"

கொக்கரி தன்னை மறந்து கொக்கரித்துவிட்டு, சட்டென்று அலகை மூடிக்கொண்டாள்.

"அப்படியானால் கட்டும்போது கை தவறியிருக்கும்" என்றான் தேனப்பன். குரலில் தேன் சொட்டியது. "மற்றவர்களைக் கேட்டுப் பார். யாருக்காவது குறையுண்டா? சொல்லுங்கள், கண்மணிகளே!"

யாரும் பேசவில்லை. சிலும்பி ஊசிக்காடனைப் பார்க்கவில்லை. கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். ஒற்றைத் துண்டை முன்னால் வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு பிராணிக்கு அதைவிட நீளமான நேரம் இருக்க முடியாது.

அப்போதுதான் எறும்புகள் வந்தன.

அவர்களுக்கு யாருடைய வழக்கும் தெரியாது. மரத்தில் இருந்தவர்கள், வாசனை பிடித்து இறங்கினார்கள். சிலும்பியின் திறந்த பொட்டலத்துக்கு ஒரு நூல் போயிற்று. சம்பையின் மூடிய பொட்டலத்துக்கு இன்னொரு நூல். கொக்கரியின் பொட்டலத்துக்கும் நூல்தான். நெடுவாலனின் பொட்டலத்துக்கு ஒரு கயிறு போயிற்று. ஊசிக்காடனின் பொட்டலத்துக்கும் கயிறு. தடித்த கயிறு.

எல்லாத் தலைகளும் எறும்புகளோடு சேர்ந்து இங்கும் அங்கும் திரும்பின.

"அந்த இரண்டு இலையிலும் ஓட்டை! அதனால்தான் எறும்பு அதிகம்!" என்றான் தேனப்பன், அவசர அவசரமாக.

ஊசிக்காடன் குனிந்து தன் பொட்டலத்தைப் பார்த்தான். இலையில் ஓட்டை இல்லை. சிலும்பியைப் பார்த்தான். அவள் இன்னும் அவன் பக்கம் திரும்பவில்லை. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஓட்டை இல்லை, முதலாளி!" என்று நாரை அறுத்தான். "மூன்று துண்டு! நான் நடந்த அதே நடையைத்தான் அக்காவும் நடந்தாள்!"

மூன்றையும் சிலும்பியின் ஒன்றுக்கு அருகே வைத்தான். இனிச் சொல்ல ஒன்றுமில்லை. சம்பையும் கொக்கரியும் பிரித்தார்கள்: ஒன்று, ஒன்று. நெடுவாலன் பிரிக்கவில்லை. ஆனால் தன் பொட்டலத்தின் மேல் உட்கார்ந்துகொண்டான். அதுவும் ஒரு பதில்தானே!

சம்பை முயல் காதை நிமிர்த்தினாள். "எனக்கு ஒரு துண்டு கூட வைத்திருப்பதாகச் சொன்னீர்களே, முதலாளி! அந்தக் கூடுதலைக் கழித்துவிட்டால் என் கூலி எவ்வளவு? ஒன்றுமே இல்லையா?"

தேனப்பன் தொண்டையைக் கனைத்தான். "இதோ பாருங்கள். ஆண் பிராணி என்றால் குடும்பப் பாரம் இருக்கும். வீட்டில் காத்திருப்பவர்கள் இருப்பார்கள்..."

"எனக்குக் கல்யாணமே ஆகவில்லையே!" என்றான் ஊசிக்காடன்.

"ஆகும் அல்லவா!"

"எனக்கு ஆகி, இரண்டு குட்டிகளும் பிறந்துவிட்டன, முதலாளி" என்றாள் சிலும்பி. "வரப்போகிற குடும்பத்துக்கு மூன்று, வந்துவிட்ட குடும்பத்துக்கு ஒன்றா?"

பதில் சொல்ல முடியாதவர்கள் செய்வதைத் தேனப்பன் செய்தான். "சிலும்பி! நாளையிலிருந்து நீ வரவேண்டாம்! தோப்புப் பக்கம் தலைகாட்டாதே!" என்று உறுமினான்.

சிலும்பி தன் ஒற்றைத் துண்டை மடித்துக் கட்டினாள். எறும்புகளை ஒவ்வொன்றாக ஊதி விலக்கிவிட்டுத்தான் மடித்தாள். அவர்கள் செய்த உதவிக்கு அந்த மரியாதையாவது வேண்டாமா?

மறுநாள் விடிந்தது. தோப்பில் பூ உதிரும் சத்தம் அவள் வளைவரை கேட்டது. பழக்கத்தால் எழுந்த சிலும்பி, போக இடமில்லாமல் மறுபடியும் படுத்தாள். "ஏன் அம்மா போகவில்லை?" என்று சின்னக் குட்டி கேட்டது. அவள் சொல்லத் தொடங்கும் முன் வாசலில் முள் உரசும் ஓசை கேட்டது.

ஊசிக்காடன் வந்து உட்கார்ந்திருந்தான்.

"வேலைக்குப் போகவில்லையா, தம்பி?"

"தனியாக உருண்டு எனக்குப் பழக்கமில்லை, அக்கா. பேச ஆளில்லாமல் எப்படிச் சுமப்பது?"

சிறிது நேரத்தில் சம்பை தத்தி வந்தாள். "என் வயதுக்கு ஒன்றுமில்லாத கூலி போதாது" என்று சொல்லி ஒரு புல்லைக் கடித்தாள். கொக்கரி வந்தாள். வெயில் ஏறிய பிறகு, மூச்சிரைக்க நெடுவாலனும் வந்து சேர்ந்தான்.

"நீ எதற்கு வந்தாய்?" என்றாள் கொக்கரி. "உனக்குத்தான் மூன்று ஆயிற்றே!"

"கேலி செய்யாதே! அங்கே நான் ஒருவன்! இத்தனை பூவையும் ஒவ்வொன்றாக வாயில் கவ்வி... இடுப்பே ஒடிந்துவிட்டது! அப்போது முதலாளி வந்தார். குனிந்தார். என் காதில் என்ன சொன்னார் தெரியுமா?"

நால்வரும் ஒரே குரலில் சொன்னார்கள்: "உனக்கு மட்டும்!"

"'உனக்கு மட்டும் நான்கு!' என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கவே முடியவில்லை. அந்தச் சிரிப்போடு எப்படி வேலை செய்வது? வந்துவிட்டேன்."

தோப்பில் தேனப்பன் தானே பொறுக்க இறங்கினான். முதல் நாள் பாறைக்கு ஒரு பூவும் போய்ச் சேரவில்லை. எல்லாம் வழியிலேயே வயிற்றுக்குள் போயின. இரண்டாம் நாள் புதுப் பூவோடு, முதல் நாள் கிடந்து புளித்த பூவையும் சேர்த்துத் தின்றான். நண்பகலில் மரத்தடியில் காலை விரித்துப் போட்டு, எதையோ பாடிக்கொண்டே தூங்கிப்போனான். மூன்றாம் நாள் தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். பாறை வெறுமையாகக் கிடந்தது. மழைக்காலத்தில் அந்த வெறும் பாறையை நக்கத்தான் முடியும் என்பது, தலைவலிக்கு நடுவிலும், அவனுக்குப் புரிந்தது.

சிலும்பியின் வளைக்கு வந்தான். தாடியில் பூ ஒட்டியிருந்தது. ஐவரும் அங்கேதான் இருந்தார்கள். மூன்று நாளாக ஐவரின் துண்டுகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பங்கிட்டுச் சாப்பிட்டிருந்தார்கள். இலையில் இப்போது எறும்புக்குக்கூட ஒன்றுமில்லை.

"சரி, சமமாகவே தருகிறேன்" என்றான் தேனப்பன். "ஊசிக்காடனுக்கும் நெடுவாலனுக்கும் இரண்டிரண்டைக் குறைத்துவிடுகிறேன். ஆளுக்கு ஒன்று! சமம்தானே?"

நெடுவாலனின் வால் விறைத்தது. ஊசிக்காடன் சிலும்பியைப் பார்த்தான். பசித்த வயிறு, முன்னால் இரண்டு குட்டிகள். அவள் தலையாட்டினால் அவளுக்கு வேலை திரும்பக் கிடைக்கும். இழப்பவர்கள் மற்ற இருவர் மட்டும்தான்.

"ஊசிக்காடனுக்கு ஏன் இவ்வளவு என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை, முதலாளி" என்றாள் சிலும்பி. "எனக்கு ஏன் இவ்வளவுதான் என்று கேட்டேன். அவன் வேலைக்கு மூன்று துண்டு தகும் என்று மதிப்புப் போட்டது நீங்கள். அதே வேலையை நானும் செய்கிறேன். ஆளுக்கு மூன்று!"

"ஆளுக்கு இரண்டு!"

சிலும்பி தோப்பின் பக்கம் காதைத் திருப்பினாள். எல்லாரும் திருப்பினார்கள். பொத்து, பொத்து, பொத்தென்று பூ உதிர்ந்துகொண்டிருந்தது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"மூன்று! மூன்று! எழுந்திருங்கள், ஓடுங்கள்!" என்று கதறினான் தேனப்பன்.

"இனிப் பொட்டலம் கிடையாது" என்றாள் சிலும்பி, எழாமலேயே. "பாறைமேல் திறந்து வையுங்கள்."

"திறந்தே வைக்கிறேன்!"

அதற்குப் பிறகுதான் அவள் எழுந்தாள். அன்று அவளும் ஊசிக்காடனும் உருண்ட உருளலைப் பற்றித் தோப்பில் வெகுகாலம் பேசிக்கொண்டார்கள்.

அடுத்த கூலி நாளில் ஐந்து இலைகள் பாறைமேல் விரிந்து கிடந்தன. ஒவ்வொன்றிலும் மூன்று துண்டு. அத்தனை கண் பட்டும் தேன் புளிக்கவில்லை. தேனப்பன் மட்டும் பழைய பழக்கத்தை விடமுடியாமல் ஒவ்வொரு காதாகக் குனிந்தான். குனிந்த பிறகு சொல்வதற்கு ஒன்றுமில்லை. "சாப்பிட்டாயா?" என்று கேட்டுவைத்தான்.

மழை வந்தது. சிலும்பியின் வளை வாசல் சேறானது. உள்ளே இரண்டு குட்டிகளும் தேன் ஒட்டிய மூக்கோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தன. சண்டை போடுகிற குட்டிக்குப் பசியில்லை என்று அர்த்தம். அவள் வளையைத் தேடி மழைக்கு முன்பே ஓர் எறும்புக் கயிறு உள்ளே வந்திருந்தது. நன்றாகத் தடித்த கயிறு. இப்போது அந்த வீட்டு முறைக்கும் அவர்களுக்குள் அடிதடிதான், யார் முதலில் போவது என்று.

கூலியை வெளியே சொல்லாதே என்று ஒருவர் நம் காதில் ஓதினால் அவர் மறைக்கப் பார்ப்பது தம்முடைய அநியாயத்தை என்று அறிந்து, ஒரே வேலை செய்கிறவர்கள் தங்கள் கூலியை ஒருவருக்கொருவர் கூச்சமின்றிச் சொல்லிக்கொள்ள வேண்டும்.